அடுத்த மேஜையில் என்ன இருக்கிறது?

அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி அவனுக்குக் காப்பாளர் இல்லை. விண்ணப்பம் போட்டுத் தனியாகச் சான்று வாங்க வேண்டும். பல குடும்பங்களுக்கு இது தெரியவருவதே வங்கிக் கவுன்டரில்தான்.

சிறப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் இத்தகைய பெற்றோருக்கு மனு எழுதித் தருகிறேன். எழுதுவதைவிட எடுத்துச் சொல்வதுதான் அதிகம்.

அண்மையில் ஓர் அம்மா 28 வயது மகனோடு வந்தார். ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் மாற்றுத்திறனாளிக்கான யுடிஐடி அடையாள அட்டை, லேமினேட் செய்த மருத்துவச் சான்று, ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் பத்திரமாக இருந்தன. பையன் அவருடைய முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. "அதான் வருதே டீச்சர், வேற என்ன இருக்கு?" என்று கேட்டார்.

நிறையவே இருந்தது. ரயிலில் இந்தப் பிள்ளைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிரமயா' காப்பீடு இருக்கிறது; 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், வயது வரம்பு கிடையாது, தெரபிச் செலவும் சேரும். காப்பாளர் சான்று தருவதும் அதே சட்டப்படி ஆட்சியர் தலைமையில் இயங்கும் குழுதான். சான்று கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று பலர் இருந்துவிடுகிறார்கள். 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கையும் கொடுக்க வேண்டும்.

"வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டேன்.

"கவர்மெண்ட் ஸ்கூல்ல கிளார்க். இப்ப பென்ஷன் வருது."

அரசு ஓய்வூதியர் காலமானால் குடும்ப ஓய்வூதியம் பிள்ளைகளுக்குப் பொதுவாக 25 வயது வரைதான். ஆனால் சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, தாய் தந்தை இருவரும் போன பிறகு ஆயுள் முழுக்க உண்டு. அப்பா இருக்கும்போதே மகன் பெயரைப் பென்ஷன் பதிவில் சேர்த்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை. அந்த அம்மா இதைக் கேள்விப்பட்டதே இல்லை. எப்படிக் கேள்விப்பட்டிருப்பார்? உதவித்தொகை தரும் இடத்தில் அப்பாவின் வேலையைக் கேட்பதில்லை. பென்ஷன் தரும் இடத்தில் பிள்ளையின் நிலையைக் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைத்தான் நாம் எங்கும் நியமிப்பதில்லை. பிசியோதெரபிஸ்டுக்குச் சம்பளம் கொடுப்பதைப் போல இந்த வேலைக்கும் கொடுத்து, சிறப்புப் பள்ளிதோறும் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். பிள்ளைக்கு 17 நடக்கும்போதே பெற்றோரை அழைத்து, வரப்போவதை வரிசையாகச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குக் குடும்பம் அந்த வரிசை மாறும். அச்சடித்த துண்டறிக்கையால் அது ஆகாது. எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ரயில் சலுகையும் காப்பீடும் பிறகு ஆகட்டும், முதலில் பென்ஷன் காரியத்தை முடியுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். அவர் கணவருக்கு எழுபது தாண்டிவிட்டது.