கப்பல் விருந்து அலுக்குமா?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து ‘செரினேட் ஆஃப் தி சீஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. உலகைச் சுற்றிவிட்டு அது மயாமிக்குத் திரும்பிய நாள் 2024 செப்டம்பர் 10. மொத்தம் 274 இரவுகள்! முழுப் பயணத்திற்கும் சீட்டு வாங்கியவர்கள், நாளொன்றுக்கு மூன்று வேளை என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 820 வேளை உணவுக்கு ஒரே கப்பலின் சமையற்கூடத்தை நம்பியிருந்தார்கள். துறைமுகங்களில் இறங்கி வெளியே உண்ட வேளைகளைக் கழித்தாலும் எஞ்சுவது கொஞ்சமன்று.

இவ்வளவு நீண்ட பயணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஒருவாரப் பயணம் முடிந்ததும் கப்பலைவிட்டு இறங்காமல், அதே கப்பலின் அடுத்த வாரப் பயணத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்பவர்கள் பலர். இவர்கள் ஒரு விந்தையைச் சந்திக்கிறார்கள். கப்பலின் பெரிய உணவுக்கூடத்தில் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஏழு நாள் பயணத்திற்கு வகுத்த பட்டியல், புதிய பயணம் தொடங்கியதும் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கிவிடும். புதிதாக ஏறியவருக்கு அது முதல் இரவு. இறங்காமல் தங்கியவருக்கு எட்டாவது இரவு. தட்டில் இருப்பதோ சென்ற வாரம் உண்ட அதே மீன்!

அப்படியானால் கப்பல் உணவு அலுத்துவிடுமா?

கணக்கின்படி பார்த்தால் அலுக்கக் கூடாது. ஓர் இரவின் பட்டியலில் சூப் முதலிய முன்னுணவுகள் 6, முதன்மை உணவுகள் 8, இனிப்புகள் 5 இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 6 × 8 × 5 = 240 வெவ்வேறு விருந்துகள் கிடைக்கின்றன. இது ஒரே ஓர் இரவின் கணக்கு. ஆனால் நாக்குக்குப் பெருக்கல் வாய்பாடு தெரியாது. அது வேறு விதமாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையில் அது இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது. ஒன்று நிமிடக் கணக்கு. மற்றொன்று நாள் கணக்கு.

முதலில் நிமிடக் கணக்கைப் பார்ப்போம். திருமண விருந்தில் வயிறு நிறைய உண்டுவிட்டீர்கள். இன்னொரு கரண்டிச் சோறு என்றால் கையால் இலையை மறைக்கிறீர்கள். அடுத்த நொடி பாயசம் வருகிறது. கை தானாக விலகிவிடுகிறது! வயிறு உண்மையிலேயே நிறைந்திருந்தால் பாயசத்துக்கு இடம் ஏது? நிறைந்தது வயிறு மட்டுமன்று. சோறு, சாம்பார் ஆகியவற்றின் சுவையும் மணமும் பதமும் நமக்கு நிறைந்துவிட்டன. பாயசத்தின் சுவையோ இன்னும் தொடப்படவில்லை. இதைப் ‘புலன்சார்ந்த நிறைவு’ எனலாம்.

ஆக்ஸ்போர்டில் பார்பரா ரோல்ஸ் என்ற பெண் அறிவியலாரும் அவருடைய குழுவினரும் இதை 1980-களின் தொடக்கத்தில் அளந்து காட்டினர். ஒரே வகைச் சாண்ட்விச்சை மட்டும் பெற்றவர்களைவிட, நான்கு வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உண்டனர். நான்கு சுற்றுகளிலும் வெவ்வேறு உணவு தரப்பட்டபோது, ஒரே உணவு நான்கு சுற்றுகளும் வந்ததைவிட 60 விழுக்காடு அதிகக் கலோரிகள் உள்ளே சென்றன. இன்னொரு சோதனை வேடிக்கையானது. ஒரே மாவு, ஒரே சுவை. பாஸ்தாவின் வடிவத்தை மட்டும் மூன்றாக மாற்றினார்கள். உண்ட அளவு 14 விழுக்காடு கூடியது. நாக்கைக் கண்ணே ஏமாற்றிவிட்டது!

மூளையிலும் இதன் தடயத்தைக் காணலாம். குரங்குகளின் மூளையின் முன்பகுதியில் உள்ள சில நரம்பணுக்களை எட்மண்ட் ரோல்ஸ் முதலியோர் ஆராய்ந்தனர். குரங்கு ஒரு பானத்தை வயிறாரக் குடித்த பிறகு அந்தப் பானத்திற்கு அணுக்கள் துடிப்பதை நிறுத்திவிட்டன. வேறு உணவைக் காட்டினால் மீண்டும் துடித்தன. கண்களை மூடிக்கொண்டாலும் திறந்தாலும் விளக்கின் அளவு மாறுவதில்லை. அதுபோல உணவும் மாறவில்லை, அதற்கு மூளை தரும் மதிப்பு மாறிவிட்டது.

கப்பல்களில் உள்ள பஃபே, அதாவது நாமே எடுத்துண்ணும் முறை, இந்த நிமிடக் கணக்கை அடியோடு வென்றுவிடுகிறது. ஒன்று சலிப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று காத்திருக்கிறது. உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குபவர்களின் இடுப்புக் கச்சை இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, ஒருவேளை உணவுக்குள் அலுப்பு என்பது கப்பலில் கிடையாது.

நாள் கணக்குதான் சிக்கலானது. 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனியை ஐந்து முறை கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நாள்தோறும் ஒருமுறை. மற்றதற்கு வாரத்திற்கு ஒருமுறை. நாள்தோறும் உண்டவர்கள் உண்ணும் அளவு நாளுக்கு நாள் குறைந்தது. வாரம் ஒருமுறை உண்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஒருவார இடைவெளி அந்த உணவை நாக்குக்கு மீண்டும் புதிதாக்கிவிட்டது.

கப்பல் பட்டியலின் ஏழு நாள் சுற்றை இப்போது எண்ணிப் பாருங்கள். எட்டாம் இரவில் வரும் மீன் உண்மையில் நம்மை அலுக்க வைக்க வேண்டியதில்லை. எங்கள் கல்லூரி விடுதி மாணவர்களும் “செவ்வாய்க்கிழமை என்றாலே அந்தக் குழம்புதானா?” என்று ஆண்டுதோறும் என்னிடம் முறையிடுகிறார்கள். சோதனையைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்பதைப் பிறகு காண்போம்.

அதற்குமுன், நாள் கணக்கு என்பதே செல்வர்களின் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. 1985-இல் ரோல்ஸ் குழுவைச் சேர்ந்தவர்கள் எத்தியோப்பியாவில் இருந்த ஓர் அகதி முகாமைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அங்கே ஏறத்தாழ ஆறு மாதங்களாக அதே மூன்று உணவுகளை உண்டு வந்தவர்களுக்கு அவற்றின் சுவை, புதிய உணவுகளின் சுவையைவிடக் குறைவாகவே பிடித்தது. முகாமுக்கு வந்து இரண்டே நாட்கள் ஆனவர்களிடம் இந்த வேறுபாடு இல்லை. பசித்தவனுக்கு எதுவும் ருசிக்கும் என்கிறோம். உயிர் தப்பி ஓடிவந்த மக்களிடமும், அடுத்த வேளை உணவு வேறெங்கும் இல்லாத இடத்திலும், இந்த அலுப்பு தன் வேலையைச் செய்தது.

சரி, கப்பலுக்குத் திரும்புவோம். முகாமில் மூன்றே உணவுகள். கப்பலில் நூற்றுக்கணக்கில் உணவுகள். இருந்தும் நீண்ட பயணம் செய்தவர்களில் சிலர் “மூன்றாம் வாரத்தில் எல்லாமே ஒரே சுவை” என்று சொல்வதேன்? இங்குதான் இயற்பியல் உள்ளே வருகிறது.

இரண்டாயிரம் பேருக்கு ஓரிரு பந்திகளில் பரிமாற வேண்டுமானால், ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே சமைக்க இயலாது. இறைச்சியும் எலும்பும் காய்களும் கொதித்த சாறு பெரிய கொப்பரைகளில் தயாராகிறது. அந்த ஒரே சாறு ஒரு சூப்பிலும், இரண்டு குழம்புகளிலும், மறுநாள் வேறொரு பெயருடைய பண்டத்திலும் இடம்பெறுகிறது. பல நாட்டவருக்கும் ஏற்க வேண்டுமே என்று காரமும் மசாலாவும் நடுநிலையில் நிறுத்தப்படுகின்றன. பட்டியலில் பெயர் மாறுகிறது; அடிச்சுவை மாறுவதில்லை.

அடுத்தது வெப்பம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களில் உணவுத் தூய்மையைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்று 1970-களிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் விதிப்படி, பரிமாறக் காத்திருக்கும் சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். நோய்க்கிருமிகள் பெருகாதிருக்க இது மிகத் தேவையான விதி. ஆனால் 57 டிகிரியில் காத்திருக்கும் பண்டத்துக்கு என்ன நேர்கிறது? மணம் தரும் பொருள்கள் பெரும்பாலும் எளிதில் ஆவியாகக் கூடியவை. சூட்டில் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து செல்கின்றன. கூடமே மணக்கிறது என்று நாம் மகிழ்கிறோம். அந்த மணம் தட்டைவிட்டுப் போய்விட்ட மணம்! மூடிய பாத்திரத்திலோ நீராவி மேல்மூடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுகிறது. பொரித்ததன் மொறுமொறுப்பு ஈரத்தை உறிஞ்சி நமுத்துப்போகிறது; வேகவைத்த காய் மேலும் குழைகிறது. மொறுமொறுப்பானது மென்மையாகிறது, மென்மையானது கூழாகிறது. வேறுபட்டிருந்த பதங்கள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன.

மணமும் பதமும்தாம் ஒரு பண்டத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு ஆப்பிளையும் ஒரு துண்டு பச்சை உருளைக்கிழங்கையும் கடித்துப் பாருங்கள். வேறுபாடு எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பது விளங்கும். 240 விருந்துகளில் மணமும் பதமும் நெருங்கிவிட்டால் நாக்கின் கணக்கில் அவை நாலைந்து விருந்துகளே. மக்ரோனிக்குக் கிடைத்த ஒருவார ஓய்வு கப்பலின் அடிச்சுவைக்குக் கிடைப்பதில்லை. அது நாள்தோறும் வந்துவிடுகிறது. விடுதி மாணவர்களின் நியாயமும் இதுவே. அலுத்தது செவ்வாய்க்கிழமைக் குழம்பன்று. ஏழு நாள் குழம்புக்கும் பொதுவான அந்த ஒரே தாளிப்பு.

எல்லா உணவும் ஒரே வேகத்தில் அலுப்பதில்லை. 1950-களில் அமெரிக்க இராணுவத்துக்காக நடந்த ஆய்வுகளில், திரும்பத் திரும்ப வந்த டின் இறைச்சியும் காய்கறியும் மதிப்பிழந்தன. ரொட்டி, பால் பொருள்கள், பழம், இனிப்பு முதலியவை ஏறத்தாழ அப்படியே தாக்குப்பிடித்தன. நாம் ஆயுள் முழுவதும் சோறு உண்கிறோம்; சோறு அலுத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அழுத்தமான தனிச்சுவை உடையது விரைவில் அலுக்கிறது.

இடமும் சூழலும் செய்யும் வேலையையும் மறக்கக் கூடாது. 1980-களில் அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் களப்பயிற்சியில் 34 நாட்கள் மூன்று வேளையும் பைகளில் அடைத்த உணவையே உண்டனர். நாளொன்றுக்கு 3,600 கலோரி கொடுக்கப்பட்டும் அவர்கள் உட்கொண்டது ஏறத்தாழ 2,200 தான், எடையும் குறைந்தது. அதே வகை உணவை மாணவர்கள் 45 நாட்கள் மேசையில் அமர்ந்து, தட்டில் வைத்து உண்டபோது 3,000 கலோரிக்கு மேல் உண்டனர்! கடலோடிகளுக்கு இது பழைய செய்தி. ‘எண்டெவர்’ கப்பலில் சென்ற கேப்டன் குக், புளிக்கவைத்த முட்டைக்கோசைத் தம் மாலுமிகள் உண்ண வேண்டுமென விரும்பினார். அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் மட்டும் நாள்தோறும் வைக்கச் செய்தார். ஒரு வாரத்திற்குள் அதை அளந்து கொடுக்க வேண்டிய அளவுக்கு மாலுமிகளிடையே கிராக்கி ஏற்பட்டுவிட்டதாக 1769-இல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இவ்வகையில் உல்லாசக் கப்பல் நல்ல நிலையில் உள்ளது. வெள்ளை விரிப்பு, கூட அமர்ந்து பேச ஆட்கள், சன்னலுக்கு வெளியே கடல். எனவே இரண்டு பயணங்களைச் சேர்த்து வாங்குபவர் அலுப்பைப் பற்றி முன்கூட்டியே அஞ்சுவது பெரும்பாலும் மிகை. அலுப்பை நாம் மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறோம் என்பதற்கு 1990-இல் சைமன்சன் என்பவர் வெளியிட்ட ஆய்வு சான்று. மூன்று வாரங்களுக்கான சிற்றுண்டியை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது மாணவர்களில் 64 விழுக்காட்டினர் மூன்றும் வெவ்வேறாகக் கேட்டனர். அந்தந்த வாரம் வந்தபின் தேர்ந்தெடுத்தவர்களில் அவ்வாறு கேட்டவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே!

உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ அத்தகைய பயணம் வாய்த்தால், முதல் வாரத்திலேயே பிடித்த பண்டத்தைத் திகட்டத் திகட்ட உண்ணாதிருப்பது நல்லது. ஓர் உணவை மீண்டும் எப்போது விரும்புவோம் என்பதை அதன் கடைசிக் கவளங்களின் நினைவே பெரிதும் முடிவு செய்கிறது என 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திகட்டிய கவளத்தோடு எழுந்தால் அந்த நினைவே எட்டாம் இரவு வரை கூடவரும். கப்பலில் உங்கள் கண்முன்னே அப்போதைக்கப்போது சமைத்துத் தரும் மேடை ஒன்று இருக்கும். வெப்பத் தட்டுகளின் வரிசையைவிட அங்கே நிற்கும் வரிசை நீளமானது. காத்திருங்கள். துறைமுகத்தில் இறங்கும் நாளில் மதிய உணவுக்காகக் கப்பலுக்குத் திரும்பி ஓடாமல், அவ்வூர்க் கடையொன்றில் அவ்வூரார் உண்பதை உண்ணுங்கள். கப்பலின் சாறும் தாளிப்பும் இல்லாத அந்த ஒரு வேளை, மாலையில் நீங்கள் திரும்பும்போது பழைய பட்டியலையே சற்றுப் புதிதாக்கியிருக்கும்.