ஒத்திகை பார்க்காத வள்ளி

நம் பள்ளிபாளையத்துப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குத் தெருக்கூத்து விட்டால், ஆடுகிறவர்கள் ஒரே செட்டு. ஒன்றாகவே ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடம் மற்றவருக்குத் தெரியும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தின் கதையே வேறு. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் இன்னொரு ஊர், நாரதர் வேறொரு ஊர், ஹார்மோனியக்காரர் இன்னும் எங்கிருந்தோ. தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் வாங்கியவர்கள். அரிதாரம் பூசும் இடத்தில்தான் சந்தித்துக்கொள்வார்கள். சில சமயம் அதுதான் முதல் சந்திப்பாகவும் இருக்கும். டைரக்டர் இல்லை. ஒத்திகை இல்லை. ஆனாலும் 'வள்ளி திருமணம்' விடிய விடிய ஓடும்.

இதைச் சாத்தியமாக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இருபத்து நாலு வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயமுறுத்தும் வேஷங்களாகப் போட்டார். பிறகு வேஷத்தை விட்டுவிட்டு வாத்தியார் ஆனார். நாடகத்தை எழுதுவதும் அவரே, அதைப் பையன்களுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லி ஆட வைப்பதும் அவரே. 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஆறு வயது டி.கே. சண்முகமும் ஒருவர். 'அபிமன்யு' நாடகத்தை, நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு, சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததைச் சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அபிமன்யுவாக நடிக்கப்போகிறவன் அந்தப் பொடியன்தான். அவன் குரல் எதுவரை ஏறும், எந்த இடத்தில் திக்கும் என்று தெரிந்தவர் எழுதிய எழுத்து அது.

வேகத்தைவிட என்னை அசரவைப்பது, பையன்கள் அத்தனையையும் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதுதான். அதற்கான வசதியை வாத்தியார் பாட்டுக்குள்ளேயே செய்து வைத்திருந்தார்.

வள்ளி தினைப்புனம் காக்கிறாள். பாட்டின் ஓர் அடி 'தினை' என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எதுகைப்படி அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தும் 'னை'யாக வர வேண்டும். வினை, மனை, சுனை, பனை, நினை என்று பல சொற்கள் வரிசை கட்டும். கதை நடப்பது மலையில். மனையும் பனையும் அங்கே பொருந்தாது. பாட்டில் அந்த இடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கும் இடமென்றால் சுனை ஒன்றுதான் மிஞ்சும். பையன் அந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருக்கக்கூட வேண்டாம். வேறு சொல் வர வழியே இல்லை. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் டேவிட் ரூபின் வாய்மொழி மரபுகளை ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். பொருளை மட்டும் சொல்லிச் சொல்லைக் கேட்டால் ஆட்கள் பெரும்பாலும் தவறவிட்டார்கள். ஒலி இயைபை மட்டும் சொன்னாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாரும் அதே சொல்லைப் பிடித்தார்கள். தாளமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது குரல். மைக் வராத காலம், முன்னால் ஆயிரக்கணக்கில் ஜனம். இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளப் பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறைக்குள் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். தொண்ணூறு டெசிபலைத் தாண்டும் இரைச்சலில், பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிடுகிறவர் குரலைக் கனமாக்குவதில்லை, மேலே ஏற்றுகிறார். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக நடக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-ல் இதைக் கவனித்துச் சொன்னதால் அவர் பெயரிலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். கேட்கிறவர் காதும் ஒத்துழைக்கிறது. நம் காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளமுள்ள குழாய் 3000 ஹெர்ட்ஸ் அளவில் வரும் ஒலியைத் தானே பெருக்கிக் கொடுக்கும். ஏறிய குரலில், வாய் திறந்து நீட்டும் நெடில் எழுத்துகளில், அந்த அளவை எட்டும் ஒலி அதிகம். பழைய நாடகக்காரர்கள் கட்டை கூட்டிப் பாடியது கைதட்டலுக்கு மட்டுமல்ல. சுவாமிகளின் சபையில் பயின்ற எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப் பாடித்தான் பேர் வாங்கினார். அவருக்கு ஈடுகொடுத்த கே.பி. சுந்தராம்பாள் 1908-ல் பிறந்தது கொடுமுடியில், நம்மைக் கடந்து போகும் காவிரி அடுத்துப் போய்த் தொடும் ஊர்களில் ஒன்று.

எழுதுவதையும் சொல்லிக்கொடுப்பதையும் சுவாமிகள் ஒருவரே செய்தார். அமெரிக்காவில் எழுத்தாளரும் நடிப்பு வாத்தியாரும் பெரும்பாலும் இரண்டு ஆட்கள். 1931-ல் நியூயார்க்கில் தொடங்கிய குரூப் தியேட்டரில் கிளிஃபர்ட் ஓடெட்ஸ் நடிகராக இருந்தபடியே எழுத வந்தார். 1935-ல் அவருடைய 'வெயிட்டிங் ஃபார் லெஃப்டி'யை அவரோடு சேர்ந்து இயக்கியவர் சான்ஃபர்ட் மைஸ்னர், பிற்காலத்தில் பெரிய நடிப்பு ஆசான். மைஸ்னரின் பயிற்சி விசித்திரமானது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். எதிராளியின் முகத்திலோ தொனியிலோ ஏதாவது மாறினால்தான் நம்முடையதும் மாறலாம். அவருடைய பள்ளியில் பயின்ற டேவிட் மாமெட்டின் நாடகங்களைப் படித்தால், துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப வரும் வசனங்களில் அந்தப் பயிற்சியின் வாடை அடிக்கும். ஆசான் சொல்லிக்கொடுத்தது மாணவன் பேனா வழியாக வந்த கதை. சுவாமிகளுக்கு அந்த இடைவழி தேவைப்படவில்லை.

வசனத்தை நடிகர்கள் எப்படி மனத்தில் நிறுத்துகிறார்கள் என்று ஹெல்கா நொய்ஸ், டோனி நொய்ஸ் தம்பதி பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நல்ல நடிகர்கள் உருப்போடுவதில்லை. 'இவன் இதை ஏன் சொல்கிறான்' என்று தோண்டுகிறார்கள். நடந்துகொண்டு பேசிய வசனம், நின்ற இடத்திலேயே பேசியதைவிட நன்றாகத் தங்குகிறது, நாடகம் முடிந்து பல மாதம் கழித்தும். பால சபைப் பையன்கள் ஆடியபடியே பாடக் கற்றவர்கள்.

சுவாமிகள் கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் விழுந்து பேச்சை இழந்தார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். 1944-ல், நமக்கு அக்கரையில் ஈரோட்டில், நாடகக் கலைக்கென்று ஒரு மாநாடே கூட்டினார்கள் அவருடைய மாணவர் சண்முகமும் உடன்பிறந்தவர்களுமான டி.கே.எஸ். சகோதரர்கள்.

ஸ்பெஷல் நாடகத்தில் சுவாமிகளின் பாட்டுகளுக்கு நடுவே வரும் தர்க்கத்துக்கு எழுத்து கிடையாது. நாரதரும் வள்ளியும் புராணத்தில் தொடங்கி உள்ளூர் சமாச்சாரம் வரை இழுத்து, ஒரு மணி நேரம்கூட மல்லுக்கட்டுவார்கள். எங்கே முடிப்பது என்று முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள். ஒருவர் போதும் என்று நினைத்தால் அடுத்த பாட்டின் முதல் சொல்லை எடுப்பார். ஹார்மோனியக்காரர் அதே கணத்தில் சுருதியைப் பிடித்துக்கொள்வார், எதிரே நிற்பவர் தம் இடத்துக்கு நகர்ந்திருப்பார்.