ஒரே பாடம், நாலு சம்பளம்

கல்மண்டபம் பக்கம் டீ குடிக்கப் போனால் யாராவது ஒருவர் கணக்குக் கேட்பார். வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அது பழகிய விஷயம். இந்தத் தடவை கேட்டவர் எங்கள் தெருக்காரர், கன்டெய்னர் யார்டில் கிளார்க். மகள் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம்.

"சார், பொண்ணு காலேஜ்ல எகனாமிக்ஸ் நடத்தணும்னு சொல்லுது. மாசம் இன்னா வரும்?"

"நாலு விதமா வரும்பா. அதே பாடம், அதே புத்தகம், அதே மணி அடிக்கும். சம்பளம் மட்டும் நாலு."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் ஆசைப்படும் நாற்காலி. அரசு கலைக் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியர். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி மாதிரி இடங்கள். பல்கலைக்கழக மானியக் குழு போட்ட ஊதிய விகிதத்தைத் தமிழ்நாடு 2019 தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது. அதன்படி நுழையும்போதே அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பழைய ஆறாவது ஊதியக் குழு கணக்கில் 21,600 ஆக இருந்ததை 2.67 ஆல் பெருக்கி வந்த தொகை இது. அதன் மேல் அகவிலைப்படி. 2025 ஜூலைக் கணக்கில் அது 58 விழுக்காடு. கூட்டினால் 91,166 ரூபாய். வீட்டு வாடகைப்படி, நகர ஈட்டுப்படி எல்லாம் அதற்கு மேல். வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று விழுக்காடு உயர்வு.

"வேலைக்குச் சேந்த அன்னிக்கே தொண்ணூறு ஆயிரமா?" என்றார். ஆமாம். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது மீதி மூன்றையும் சொல்லத்தான் வேண்டுமா என்று தோன்றியது.

அதற்கு முன் ஒன்று. இந்த 57,700 பொருளாதாரத்துக்கென்று போட்ட விலை கிடையாது. தமிழ் நடத்துபவருக்கும் விலங்கியல் நடத்துபவருக்கும் அதே தொகைதான். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பொருளாதாரப் பேராசிரியரை வங்கியும் ஆலோசனை நிறுவனமும் மத்திய வங்கியும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவரை வகுப்பில் நிறுத்தி வைக்க வேண்டுமானால் வரலாற்றுப் பேராசிரியரைவிடக் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் வெளிச்சந்தை எப்படி ஏறினாலும் அந்தப் பட்டியலில் ஒரு எண்ணும் அசையாது. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டிக் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சம்பளம் வகுத்த குழுவின் தலைவர் ஜி.கே. சத்தா. அவரே பொருளாதாரப் பேராசிரியர்தான். தன் பாடத்துக்கென்று அவர் தனி விலை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. தமிழ் வாத்தியார் குறைச்சலாக வாங்கிக்கொண்டு நடத்த வேண்டும் என்று எந்தக் கோட்பாடு சொல்கிறது?

மாணவனின் கட்டணத்திலிருந்தே ஆசிரியருக்குப் படியளக்க வேண்டும் என்று வாதாடியவர் ஒருவர் உண்டு, ஆடம் ஸ்மித். சம்பளம் எப்படியும் வந்துவிடும் என்று ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்கள் பாடம் நடத்துவதாகப் பாவனை செய்வதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று எழுதியவர். கிளாஸ்கோவில் அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு மாணவர்கள் நேரே கொடுத்ததுதான். 1764இல் பாதி வருஷத்தில் வேலையை விட்டபோது வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். விட்டுப் போன காரணமும் சம்பளம் சம்பந்தப்பட்டதே. ஒரு இளம் பிரபுவுக்கு உடன் சென்று பாடம் சொல்ல வருஷத்துக்கு 300 பவுண்டு, பிறகு ஆயுள் முழுவதும் அதே தொகை ஓய்வூதியம். பொருளாதாரத்துக்குத் தந்தை என்கிறோமே, அவரும் நல்ல நாற்காலி கிடைத்ததும் எழுந்து போனவர்தான்.

ஸ்மித் சொன்ன முறை எப்படி நடக்கும் என்று பார்க்க ஸ்காட்லாந்து போக வேண்டாம். நம் ஊர்ச் சுயநிதிப் பிரிவைப் பார்த்தால் போதும்.

பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி மாதிரி அரசு உதவி பெறும் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரசு ஒப்புதல் தந்த பணியிடம் என்று ஒன்று உண்டு. ஆளை எடுப்பது நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. தொகை அரசுக் கல்லூரியில் உள்ளதேதான். இது இரண்டாவது நாற்காலி. பணத்தைப் பொறுத்தவரை முதலாவதின் தம்பி. ஆனால் உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் நடக்கிறது. அங்கே மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து சம்பளம். காலையில் அரசு ஊதியம் வாங்குபவர் நின்ற அதே கரும்பலகைக்கு முன்னால் மதியம் இன்னொருவர் நிற்பார். நெட் என்கிற அதே தேசியத் தகுதித் தேர்வில் தேறியவராக இருக்கலாம், முனைவர் பட்டமும் வைத்திருக்கலாம். பதினைந்து ஆயிரம், இருபது ஆயிரம் என்று அவர் சொன்னால் நம் பக்கம் யாரும் வியப்பதில்லை. இது மூன்றாவது. ஸ்மித்தின் மாணவர்கள் பணத்தைப் பேராசிரியர் கையில் கொடுத்தார்கள். இங்கே நடுவில் ஒரு அலுவலக ஜன்னல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கௌரவ விரிவுரையாளர். அரசுக் கல்லூரியிலேயே, நிரந்தர ஆசிரியர் இல்லாத காலியிடத்தில் நடத்துபவர். மாதம் 25,000 ரூபாய். அதற்கு முன் 20,000. வருஷத்தில் பதினோரு மாதம். மே மாதம் கிடையாது. படிகள் கிடையாது. வருடாந்தர உயர்வும் இல்லை.

கணக்கைப் போடுவோம். 25,000 பெருக்கல் பதினொன்று, 2,75,000. பக்கத்து மேசைக்காரருக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் மட்டும் சேர்த்தாலே வருஷத்துக்குப் பதினோரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாலில் ஒரு பங்கு. கேட்கும் தகுதியோ இருவருக்கும் ஒன்று: நெட், மாநில அளவில் நடக்கும் செட், அல்லது முனைவர் பட்டம். மானியக் குழுவே 2019 ஜனவரியில் கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று எழுதியது. நாம் அதில் பாதியில் நிற்கிறோம்.

"இது நம்ம ஹார்பர் கான்ட்ராக்ட் மாதிரி கீதே" என்றார் தெருக்காரர். அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த ஒப்புமை இன்னும் கொஞ்ச தூரம் போகும். ஒரு காலத்தில் கப்பல் வந்தால்தான் கூலி. காலையில் வாசலில் நிற்கிற கூட்டத்தில் மேஸ்திரி கை காட்டியவருக்கு மட்டும் வேலை. 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னையில் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. வேலை இல்லாத நாளில் வந்து நின்றதற்கும் ஒரு தொகை உண்டு என்று ஆனது. எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை மாதிரி சங்கத் தலைவர்கள் அதற்கெல்லாம் போராடிய தலைமுறை. அவரை 1957இல் வடசென்னை நாடாளுமன்றத்துக்கே அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத மூட்டைக்காரருக்கு அன்று கிடைத்த அந்தப் பதிவேடு, முனைவர் பட்டம் வாங்கியவருக்கு இன்று இல்லை. துறைமுகம் தினக்கூலியிலிருந்து நிரந்தரத்துக்கு நடந்தது, கல்லூரி அதே சாலையில் எதிர்ப்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறது. (துறைமுகமும் பின்னால் திரும்பி நடந்தது. அது வேறு கதை.)

ஏன் இப்படி? அரசுக்கு மனசில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் பாதிதான் விளங்கும். ஆறாவது ஊதியக் குழுவின்போது மாநிலங்களுக்கு ஏறிய கூடுதல் செலவில் 80 விழுக்காட்டை மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொண்டது. ஏழாவதில் அது 50 ஆனது, அதுவும் 2019 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு மொத்தச் சுமையும் மாநிலத்துடையது. ஒரு நிரந்தர நியமனம் என்றால் முப்பது வருஷச் சம்பளம், ஏறிக்கொண்டே போகும் அகவிலைப்படி, கடைசியில் ஓய்வூதியம். நிதித்துறைக் கண்ணுக்கு நாலு கௌரவ விரிவுரையாளர் ஒரு நிரந்தர ஆசிரியர் விலையில் கிடைக்கிறார்கள். அதனால் நியமனம் இழுக்கிறது. 2013இல் 1,093 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. 2019இல் இன்னொரு அறிவிப்பு வந்து, ஆள் எடுக்காமலே போனது. 2024 மார்ச்சில் 4,000 இடம் என்றார்கள்; தேர்வு தள்ளிப் போனது. 2025 அக்டோபரில் 2,708 இடம் என்று புதிதாக அறிவிப்பு. 2013இல் எம்.ஏ. முடித்த பெண்ணுக்கு இதற்குள் முப்பத்தைந்து வயது நெருங்கியிருக்கும்.

மறுபக்கம் வரிசை நீண்டுகொண்டே போகிறது. வருஷா வருஷம் நெட் தேர்வில் ஆள் தேறுகிறார்கள், முனைவர் பட்டங்களும் வெளிவருகின்றன. விற்பவர் ஆயிரம் பேர், நல்ல விலை கொடுத்து வாங்குபவர் அரசு ஒருவர். இந்த நிலையில் கூலி எங்கே போய் நிற்கும் என்பது முதலாண்டு மாணவருக்கே தெரியும், அவர்களுக்கு அதை நடத்துவதே கௌரவ விரிவுரையாளர்தான். 25,000க்கு ஏன் சம்மதிக்கிறார்கள் என்றால், பெரும்பாலோர் வாங்குவது சம்பளத்தை மட்டும் அல்ல, வரிசையில் ஒரு இடத்தையும் சேர்த்து. முந்தைய நியமனங்களில் கற்பித்த அனுபவத்துக்கு ஆண்டுக்கு இத்தனை மதிப்பெண் என்று இருந்தது. அந்த நம்பிக்கையில் பத்து வருஷம் போனவர்கள் உண்டு.

"அப்ப எகனாமிக்ஸ்னு படிச்சதுக்கு ஒரு மதிப்பும் இல்லியா சார்?"

இருக்கிறது, சம்பளத் தொகையில் தெரியாது. வேலை இருக்கிறதா இல்லையா என்பதில் தெரியும். சுயநிதிக் கல்லூரியில் கூட்டம் பி.காம். பக்கம். பி.ஏ. பொருளாதாரத்துக்கு ஒரு பிரிவு இருந்தால் பி.காமுக்கு நாலு இருக்கும். அதனால் பல இடங்களில் பொருளாதார ஆசிரியரின் பிழைப்பே வணிகவியல் மாணவர்களுக்குத் துணைப்பாடமாக வணிகப் பொருளாதாரமும் இந்தியப் பொருளாதாரமும் நடத்துவதில் ஓடுகிறது. ஒரு உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நடத்த வேண்டும் என்பது விதி. அத்தனை மணி நேரம் தேறினால்தான் ஒரு பணியிடத்துக்கு நியாயம் சொல்ல முடியும். மாணவர் குறைந்தால் மணி குறையும், பிறகு பணியிடம் போகும்.

வெளியே இருக்கிற கதவுகள் வேறு மாதிரி. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறை, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணி, இவற்றில் இடங்கள் கொஞ்சம், கணிதமும் புள்ளியியலும் கை வந்திருக்க வேண்டும். அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யில் பொருளாதாரம் நடத்துபவருக்குத் தனி விகிதம். உதவிப் பேராசிரியர் முதல் நிலை 1,01,500இல் தொடங்குகிறது. வீட்டுக்கு அருகே இருக்கிற கதவு டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையம். குரூப் தேர்வுப் பாடத்தில் இந்தியப் பொருளாதாரம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆள் தேடுவார்கள். நிரந்தர ஆசிரியர் தனியாகப் பாடம் எடுத்துக் காசு வாங்கக் கூடாது. மற்றவர்கள் குடும்பம் நடத்துவதில் அந்த ஞாயிறுக்கு நல்ல பங்கு.

நிரந்தர நாற்காலி கிடைத்த பிறகு என்ன ஏறும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் இருந்தால் நாலு வருஷத்தில் அடுத்த நிலை, 68,900. இல்லையென்றால் ஆறு வருஷம். பிறகு ஐந்து வருஷத்தில் 79,800. இன்னும் மூன்று வருஷத்தில் இணைப் பேராசிரியர், 1,31,400. அந்தத் தாவலுக்கு முனைவர் பட்டம் கட்டாயம். எல்லாம் தேதிப்படி நடந்தால் பன்னிரண்டு வருஷத்தில் இந்த இடம். அதே 58 விழுக்காடு அகவிலைப்படியோடு இரண்டு லட்சம் தாண்டும். தேதிப்படி நடப்பதுதான் அபூர்வம். ரெஃப்ரஷர் கோர்ஸ் சான்றிதழ், கட்டுரைகள், கோப்பு போகும் வேகம் என்று ஒவ்வொன்றும் வருஷங்களைத் தின்னும். 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத்துக்காக மாதம் பத்து விழுக்காடு பிடித்தமும் உண்டு.

பல்கலைக்கழகத்திலேயே வேலை கிடைத்தால் நிம்மதி என்று நினைப்பதும் இப்போது முடியாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையைப் பாருங்கள்: சேப்பாக்கத்தில் 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்து, மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்த துறை அது. 2024 பிப்ரவரியில் 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்று வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் சம்பளம் தள்ளிப்போன செய்திகளையும் படித்திருப்பீர்கள். விகிதம் காகிதத்தில் பெரிதாக இருக்கும். எந்தத் தேதியில் வரும் என்பது பல்கலைக்கழகத்தின் பெட்டியைப் பொறுத்தது.

ஆகவே பெண் வேலைக்குப் போகும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இது அரசு ஒப்புதல் பெற்ற பணியிடமா, சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறதா என்று கேட்கச் சொன்னேன். அந்த ஒரு பதிலில் மீதியெல்லாம் அடங்கிவிடும். கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தாலும் முனைவர் பட்டப் பதிவை விட்டுவிடக் கூடாது, கூடவே புள்ளியியல் மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொண்டால் கல்லூரிக்கு வெளியேயும் கதவு திறக்கும்.

"அது சரி சார். மே மாசம் சம்பளம் இல்லன்னீங்களே, அப்ப இன்னா பண்ணுவாங்க?"

விடைத்தாள் திருத்தப் போவார்கள். ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி.