கட்டிலுக்கு அடியில் ஒரு குட்டிச் சிறுத்தை: பயந்துபோன பெங்கால் பூனைக்குட்டியைப் பழக்குவது எப்படி?

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. வைத்த சாப்பாடு ராத்திரியில் மட்டும் காலியாகிறது. மணல் தட்டு ஈரமாக இருக்கிறது. ஆனால், குட்டியை மட்டும் காணோம். கட்டிலுக்கு அடியில் மொபைல் டார்ச் அடித்தால், சுவரோரம் ஒட்டிக்கொண்டு இரண்டு கண்கள் மின்னுகின்றன. கையை நீட்டினால் 'ஸ்ஸ்...' என்று ஒரு சீறல்.

"சிறுத்தை ரத்தமாச்சே, அதான் இப்படி. இது பழகாது, திருப்பிக் கொடுத்திடு" என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குழுவில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்.

பெங்கால் போன்ற கலப்பினப் பூனைக்குட்டியைத் தத்தெடுக்கும் பலர் முதல் வாரத்தில் திணறுவது இந்த இடத்தில்தான். அந்த வாரத்தில் எடுக்கும் முடிவுதான் குட்டியின் தலையெழுத்தையும் மாற்றுகிறது. ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து கைமாறி வந்த குட்டி, இங்கிருந்தும் இன்னொரு வீட்டுக்குப் போனால் அதன் பயம் இன்னும் கூடும்.

உண்மையில் இந்தப் பயத்துக்குக் காரணம் காட்டு ரத்தமா? இதை மாற்ற முடியுமா?

காட்டு ரத்தம் எவ்வளவு?

பெங்கால் பூனையின் முன்னோர்களில் ஒன்று சிறுத்தைப்பூனை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் சின்னக் காட்டுப்பூனை இது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் மில், 1963-ல் இதை வீட்டுப் பூனையோடு இனம் சேர்த்தார். இடையில் நின்றுபோன இந்த முயற்சியை 1980-களில் மீண்டும் தொடங்கினார். 1986-ல் சர்வதேசப் பூனை அமைப்பான டிக்கா இதைப் புதிய இனமாகப் பதிவுசெய்தது.

சிறுத்தைப்பூனைக்கு நேரடியாகப் பிறக்கும் குட்டியை 'எஃப் 1' என்பார்கள். அதற்குப் பிறப்பது 'எஃப் 2'. இப்படியே தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பூனையோடோ, இன்னொரு பெங்காலோடோ சேரச் சேர, காட்டின் பங்கு குறைந்துகொண்டே வரும். வீடுகளில் வளரும் பெங்கால்கள் பெரும்பாலும் பல தலைமுறை தள்ளிப் பிறந்தவை.

2024-ல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 900-க்கும் மேற்பட்ட பெங்கால் பூனைகளின் மரபணுவை அலசியது. அதில் சிறுத்தைப்பூனையின் பங்கு சராசரியாக 3.5 சதவீதம் அளவில்தான் இருந்தது. பார்க்கச் சிறுத்தை போலத் தெரிவதற்குக்கூட வீட்டுப் பூனையின் மரபணுக்களே பெரும்பாலும் காரணம் என்றது அந்த ஆய்வு. ஆக, கட்டிலுக்கு அடியில் இருப்பது காட்டு விலங்கு இல்லை; புது இடத்தைப் பார்த்து மிரண்டுபோன பூனைக்குட்டி.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. "இது எஃப் 1, ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொல்லி விற்றால் விலகிவிடுங்கள். சிறுத்தைப்பூனை, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். முதல் சில தலைமுறைக் கலப்பினங்களை வீட்டுச் சூழலில் சமாளிப்பதும் கடினம்.

அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

பூனைக்குட்டி மனிதரை 'நம்மாளு' என்று ஏற்றுக்கொள்ளப் பழகும் முக்கியமான காலம், பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் நடத்திய ஆய்வுகள் இதைக் காட்டின. இந்த வாரங்களில் தினமும் 40 நிமிடம் மனிதர் கையில் வளர்ந்த குட்டிகள், 15 நிமிடம் மட்டும் வளர்ந்தவற்றைவிட மனிதரிடம் சீக்கிரம் நெருங்கி வந்தன.

இதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. தைரியமான, மனிதரோடு பழகும் ஆண் பூனைக்குப் பிறந்த குட்டிகள், அப்பாவைப் பார்த்தே இராவிட்டாலும், புதியவற்றை நெருங்கத் தயங்குவது குறைவு என்று 1995-ல் சாண்ட்ரா மெக்கியூன் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதக் குட்டி உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால், அந்தப் பொன்னான வாரங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. அப்போது கூண்டிலேயே கிடந்ததா, நாலு பேர் மடியில் தவழ்ந்ததா என்பது உங்கள் கையில் இல்லை. அதனால்தான், வாங்கும் முன் விலையைக் கேட்பதைவிட "குட்டி எந்த இடத்தில் வளர்ந்தது, யார் தூக்கிக் கொஞ்சினார்கள், அப்பா பூனையைப் பார்க்கலாமா?" என்று கேட்பது முக்கியம்.

ஆனால், அந்தக் கதவு முழுசாக மூடிவிடுவதில்லை. 7 வாரம் தாண்டிய குட்டியும் பழகும். கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

முதலில் ஒரே ஒரு அறை போதும்

புது வீடு முழுவதையும் முதல் நாளே சுற்றிக் காட்ட வேண்டாம். குக்கர் விசில், மிக்ஸி சத்தம் எட்டாத ஓர் அறையே முதல் சில நாள்களுக்கு அதன் உலகமாக இருக்கட்டும். தண்ணீரும் சாப்பாடும் ஒரு மூலையில், மணல் தட்டு எதிர் மூலையில். சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் தட்டை வைத்தால் பூனைகளுக்குப் பிடிக்காது.

ஒளிய ஓர் இடம் கட்டாயம் வேண்டும். இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, ஆன்லைன் ஆர்டரில் வந்த அட்டைப்பெட்டியே போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் புது இடத்துக்குச் சீக்கிரம் பழகிவிட்டன. 'ஒளியவிட்டால் வெளியே வராது' என்பது நம் பயம். நினைத்த நேரம் ஒளிய முடியும் என்று தெரிந்தால்தான் பூனைக்கு வெளியே வரத் துணிச்சல் வரும்.

அலமாரி மேல், புத்தக ஷெல்ஃப் மேல் ஏற வழியிருந்தால் இன்னும் நல்லது. உயரத்தில் உட்கார்ந்து கீழே நடப்பதைக் கவனிப்பது பூனைக்குப் பாதுகாப்பு உணர்வைத் தரும். நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய டி-ஷர்ட் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். உங்களைப் பார்க்கும் முன்பே உங்கள் வாசனை அதற்குப் பழகட்டும்.

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜின் பின்பக்கம் போன்ற ஆபத்தான சந்துகளை அடைத்துவிடுங்கள். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்த பிறகே குட்டியைக் கொண்டுவாருங்கள். மிரண்ட குட்டி நாலாவது மாடியா, தரைத்தளமா என்று பார்க்காது.

சாப்பாடுதான் தூது

நம்பிக்கையின் முதல் பாலம் வயிறு. சாப்பாட்டை எந்நேரமும் நிரப்பி வைக்காமல், வேளை பிரித்து ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை கொடுங்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவிடாமல், சில அடி தள்ளித் தரையில் உட்காருங்கள். நின்றால் நீங்கள் அதற்கு ஒரு ராட்சதர். குட்டியைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து போனைப் பாருங்கள், புத்தகம் படியுங்கள், மெதுவான குரலில் ஏதாவது பேசுங்கள்.

நீங்கள் இருக்கும்போதே சாப்பிடத் தொடங்கினால், அடுத்த நாள் கிண்ணத்தை அரை அடி உங்கள் பக்கம் நகர்த்துங்கள். சாப்பிடாமல் உறைந்து நின்றால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். இந்தப் பின்வாங்கல் தோல்வி இல்லை. 'எனக்குப் பிடிக்கவில்லை என்றால் இவர் நிறுத்திக்கொள்வார்' என்று குட்டி கற்றுக்கொள்ளும் பாடம் அது. ஆனால், சீக்கிரம் பழகட்டும் என்று பட்டினி மட்டும் போடக் கூடாது.

உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறித் துண்டு நல்ல லஞ்சம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு என்பதால் குழம்பில் கிடக்கும் கறியைக் கழுவிக் கொடுப்பது கூடாது. பாலும் வேண்டாம். 'பூனைன்னா பால்தானே' என்று பாட்டி கிண்ணத்தை நீட்டலாம். தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

முறைக்காதீர்கள், கண் சிமிட்டுங்கள்

குட்டியின் கண்ணையே உற்றுப் பார்ப்பது நமக்குக் கொஞ்சல், அதற்கு மிரட்டல். அதற்குப் பதில் கண்களைப் பாதி மூடி, மெதுவாகச் சிமிட்டி, முகத்தை லேசாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மெதுவாகக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டின. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், சிமிட்டியவர் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் வருவதும் அதிகமாக இருந்தது.

எங்கே தொடலாம்? எப்போது நிறுத்த வேண்டும்?

முதலில் ஒரு விரலை மட்டும் அதன் மூக்கு உயரத்தில் நீட்டி நிறுத்துங்கள். மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்துவிட்டது. முகத்தைத் திருப்பினால் இன்றைக்கு இவ்வளவுதான்.

கன்னம், காதின் அடிப்பகுதி, தாடைக்குக் கீழ் ஆகியவை பெரும்பாலான பூனைகளுக்குப் பிடித்த இடங்கள். வயிறு, வாலின் அடிப்பகுதி வேண்டாம். இரண்டு, மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். 'ஏன் நிறுத்திட்டே?' என்று முட்டிக்கொண்டு வந்தால் தொடரலாம். காதை மடக்குவது, வாலை விசுக் விசுக்கென்று ஆட்டுவது, முதுகுத் தோல் துடிப்பது, திடீரென்று தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பது எல்லாம் 'போதும்' என்பதன் அடையாளங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது பிறாண்டல்தான்.

விளையாட்டை மறக்க வேண்டாம்

பெங்கால் இனத்தின் உண்மையான சவால் பயத்தைவிட அதன் துறுதுறுப்புதான். ஓட, தாவ, துரத்த வழியில்லாவிட்டால் ராத்திரி 2 மணிக்குத் திரைச்சீலையில் ஏறும். குச்சி நுனியில் கயிறும் இறகும் கட்டிய பொம்மை இங்கே இரட்டை வேலை செய்யும். குட்டியின் சக்தியும் செலவாகும், உங்களுக்கும் அதற்கும் நடுவே பாதுகாப்பான இடைவெளியும் இருக்கும். பயந்த குட்டிகூட இறகு அசைவதைப் பார்த்தால் சில நொடிகள் பயத்தை மறந்துவிடும்.

ஆபீஸ் போகும் முன் பத்து நிமிடம், வந்த பிறகு பத்து நிமிடம், தூங்கும் முன் பத்து நிமிடம். விளையாட்டு முடிந்ததும் சாப்பாடு. இந்த வரிசை தினமும் மாறாமல் நடந்தால், அடுத்து என்ன என்று குட்டிக்குத் தெரிந்துவிடும். பொம்மை முடிந்ததும் கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், விழுங்கினால் ஆபத்து. வெறும் கையைப் பொம்மையாக்கவும் வேண்டாம். இன்று செல்லக்கடி கடிக்கும் குட்டி, ஒரு வருடத்தில் ஐந்து கிலோ பூனை.

இதையெல்லாம் செய்யவே கூடாது

ஒளிந்திருக்கும் குட்டியைக் காலைப் பிடித்து வெளியே இழுப்பது. முதல் நாளே குளிப்பாட்டுவது. இன்ஸ்டா ரீல்ஸுக்காக நண்பர் கூட்டத்தைக் கூட்டி, கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சுவது. சீறினால் தண்ணீர் பீய்ச்சுவது, திட்டுவது. சீறல் திமிர் இல்லை, 'தயவுசெய்து கிட்ட வராதே' என்ற வேண்டுகோள். அதற்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் நேராக நகத்தைக் காட்டும்.

டாக்டரிடம் எப்போது?

எல்லா ஒளிதலும் வெட்கம் இல்லை. உடம்பு சரியில்லாத பூனையும் ஒளியும். 24 மணி நேரமாகக் குட்டி எதுவுமே சாப்பிடவில்லை, வாயைத் திறந்து மூச்சுவிடுகிறது, தொடர் தும்மல், வயிற்றுப்போக்கு, சிறுநீர் கழிக்க முக்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி அட்டவணையையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, 'வீட்டுப் பூனைதானே' என்று விடக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபீஸ் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரே முடிவு செய்யட்டும்.

எத்தனை நாள் ஆகும்?

சில குட்டிகளுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு மாதங்கள். ஆனால், பூனை மனிதரோடு ஒட்டவே ஒட்டாது என்பது கட்டுக்கதை. அமெரிக்காவின் ஓரிகன் மாகாணப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 64 சதவீதக் குட்டிகள் தங்களை வளர்ப்பவரோடு பாதுகாப்பான பிணைப்பில் இருந்தன. புது இடத்தில் தனியாக விடப்பட்டு, பிறகு அவர் திரும்பி வந்ததும் பதற்றம் குறைந்து, சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டன.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை வந்துவிட்டது என்பதற்கு மடியில் வந்து படுப்பது மட்டுமே அடையாளம் இல்லை. பெங்கால்களில் பல, கடைசிவரை மடிப்பூனை ஆவதே இல்லை. பகலிலும் வெளியே வந்து சாப்பிடுவது, உங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவது, வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு எதிரே வருவது, நீங்கள் லேப்டாப்பில் இருக்கும்போது அதே அறையில் அலமாரி மேல் தூங்குவது எல்லாமே அது உங்களுக்குத் தரும் 'ஓகே'தான்.

அதனால், மூன்றாம் நாள் ராத்திரி டார்ச்சை அணைத்துவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கோழிக்கறித் துண்டு ஒன்றை வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். வருவதா வேண்டாமா என்பதைக் குட்டியே முடிவு செய்யட்டும்.