அரசு மருத்துவமனைகளில் பராமரிப்பு மேலாண்மை மென்பொருள்

பராமரிப்பு மேலாண்மை மென்பொருள் என்பது ஒரு நிறுவனத்தில் என்னென்ன கருவிகள் உள்ளன, அவை எங்கே இருக்கின்றன, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன, பழுதானால் யார் வர வேண்டும் என்பவற்றை ஒரே இடத்தில் பதிந்து கண்காணிக்க உதவும் கணினி நிரல் ஆகும். ஆலைகளிலும் ரயில்வேயிலும் இத்தகைய மென்பொருள்கள் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. மருத்துவமனைகளில் இதன் தேவை இன்னும் கூடுதல். ஆலையில் இயந்திரம் நின்றால் உற்பத்தி குறையும். பிரசவ அறையில் வார்மர் நின்றால் பிறந்த குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இந்தியாவில் இதற்கான பெரிய முயற்சி, 2015இல் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் தொடங்கிய உயிர்மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம். அதற்காக நடத்திய கணக்கெடுப்பில் 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள் பதிவாயின. அவற்றின் மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரையிலான கருவிகள் இயங்காமல் கிடந்தன.

பதிவேடு

மென்பொருளை வாங்குவது எளிது. அதில் ஏற்ற வேண்டிய கருவிப் பட்டியலைத் தயாரிப்பதுதான் கடினம். பழைய இருப்புப் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தால், அதிலுள்ள பிழைகளும் கணினிக்கு வந்துவிடும். எப்போதோ கழிக்கப்பட்ட கருவி இருப்பதாகக் காட்டும். நன்கொடையாக வந்த கருவி பட்டியலிலேயே இருக்காது. எனவே ஒவ்வோர் அறையாகச் சென்று, கருவியை நேரில் பார்த்து, அடையாள எண் வில்லையை ஒட்டி, வரிசை எண்ணையும் உத்தரவாதம் முடியும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மருத்துவக் கருவிகள் குறித்த நூல் வரிசையில் இத்தகைய மென்பொருளுக்கென்றே ஒரு நூல் உண்டு. கருவிப் பட்டியலைப் பராமரிப்பின் அடித்தளமாகவே அவ்வரிசை கருதுகிறது.

புகார்

பழுதை முதலில் அறிபவர் செவிலியர் அல்லது ஆய்வக நுட்புநர். புகாரைப் பதியப் பல பக்கங்களை நிரப்ப வேண்டுமென்றால், பணி நெருக்கடியில் அவர் அதைச் செய்யமாட்டார். தெரிந்த மெக்கானிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார், அல்லது கருவியை ஓரமாக நகர்த்திவிடுவார். இதனால்தான் மேற்கண்ட தேசியத் திட்டத்தில் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வில்லை எண்ணைச் சொல்லிப் புகார் தரும் முறை வைக்கப்பட்டது. புகாருக்குப் பின் என்ன நடந்தது என்பது புகார் தந்தவருக்குத் திரும்பத் தெரிய வேண்டும். இரண்டு முறை பதில் வராவிட்டால் மூன்றாம் முறை அவர் பதியமாட்டார். ‘உங்கள் பிரிவில் மட்டும் ஏன் இத்தனை பழுது?’ என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டுவிட்டாலும் இதே விளைவுதான்.

கருவி நின்றிருந்த காலம் பொதுவாகப் புகார் பதிவான நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. பதியாத பழுது, கணினியைப் பொறுத்தவரை பழுதே அல்ல. ஆகவே மென்பொருள் வந்த முதல் சில மாதங்களில் புகார்கள் கூடினால் அது நல்ல அறிகுறி. குறைந்திருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

ஏற்காட்டுக் கணக்கு

தேசியத் திட்டம் கருவிகளின் இயங்கு நேரத்துக்கு இலக்கு வைத்தது: மாவட்ட மருத்துவமனையில் 95, சமுதாய சுகாதார நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீதம். நாள் கணக்கில் பார்த்தால், ஆண்டுக்கு முறையே 18, 36, 73 நாட்கள் வரை ஒரு கருவி நின்றிருந்தாலும் இலக்கு எட்டப்பட்டதாகவே கொள்ளப்படும்.

சேர்வராயன் மலையில் இது என்ன பொருள் தரும்? சேலத்தில் ஒரு கருவி நின்றால் அடுத்த வார்டில் இன்னொன்று இருக்கும். நாகலூர் போன்ற மலையூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு வார்மர் இருந்து அது நின்றால், நோயாளி முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும். அங்கும் முடியாவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள சேலத்துக்கு இறங்க வேண்டும். தலைச்சோலை போன்ற சிற்றூர்களிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் தூரம் தனி. மாற்று வழி எங்கே குறைவோ அங்கேதான் இலக்கும் தளர்வாக இருக்கிறது. மருத்துவ நிலையத்தின் தரத்தை மட்டும் வைத்து முன்னுரிமை தருவது போதாது. மாற்றுக் கருவி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் மென்பொருளில் ஒரு கட்டமாகச் சேர்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்குக் கருவிகளை வாங்கித் தரும் பணியை 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்கிறது. அதிக விலைக் கருவிகளுக்கு உற்பத்தி நிறுவனத்துடனான பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கும். சிறிய கருவிகளுக்குத்தான் பதிவேட்டின் உதவி அதிகம் தேவை. மலையேறும் பொறியாளர் ஒரே பயணத்தில் எந்தெந்த நிலையங்களில் எதெதைச் சரிபார்க்கலாம், எந்த உதிரிபாகத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதை மென்பொருள் முன்கூட்டியே சொல்லிவிடும். உருகி ஒன்றை எடுத்துவர மறந்தால் மறுபடியும் 20 வளைவு!

காகிதப் பதிவேட்டை நிறுத்தும் நாளையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால், ஊழியர் பழகிய நோட்டில் அன்றன்றே எழுதுவார். கணினியில் மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுவார். இணையம் அடிக்கடி அறுபடும் மலையூர்களில், தொடர்பு இல்லாதபோதும் கைபேசியில் பதிந்துவைத்து, தொடர்பு வந்ததும் அனுப்பும் வசதி உள்ள மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.