நிலமும் வீடும் – 17: பிளானில் கையெழுத்துப் போடுபவர்

ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இரண்டரை சென்ட் மனை வாங்கி வீடு கட்டத் துணிகிற ஒரு நெசவாளர், நல்ல நாள் பார்த்த கையோடு தேடிப்போவது ‘இன்ஜினியர் ஆபீஸ்’. அங்கே பிளான் போட்டுத் தருபவர் சிவில் பட்டமோ டிப்ளமோவோ படித்தவர். 1958-ல் தொடங்கிய சேலம் தியாகராஜர் பாலிடெக்னிக்கும் 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் இந்த வட்டாரத்துக்குத் தலைமுறை தலைமுறையாக இப்படிப்பட்டவர்களை உருவாக்கித் தந்திருக்கின்றன. இங்குள்ள பல வீடுகளில் ஆர்க்கிடெக்டின் கை பட்டதே இல்லை.

அது சட்டப்படி சரிதானா?

சரிதான். 1972-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆர்க்கிடெக்ட்கள் சட்டம், பட்டத்தை மட்டுமே பாதுகாத்தது. பதிவு பெறாதவர் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொண்டால், 37-வது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம். ஆனால் கட்டடத்தை வடிவமைக்கும் தொழிலை அந்தச் சட்டம் ஒரு தரப்புக்கு மட்டும் எழுதி வைக்கவில்லை. பொறியாளர்கள் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளாதவரை தங்கள் வேலையைத் தொடரலாம் என்று, சட்டம் கொண்டுவந்த நோக்கத்தை விளக்கும் குறிப்பே சொன்னது. இருந்தும் சர்ச்சை ஓயவில்லை. நொய்டா நிர்வாகத்தின் ஒரு பதவி தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 மார்ச் 17 அன்று நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு தீர்ப்பளித்தது: பட்டம் பதிவு பெற்றவர்களுக்கே உரியது, வேலையை மற்றவர்கள் செய்யத் தடையில்லை.

உரிமை உறுதியாகிவிட்டது. பொறுப்பு?

ஆர்க்கிடெக்ட் தவறு செய்தால் விசாரிக்க ஒரு கவுன்சில் இருக்கிறது. 1989-ல் அவர்களுக்கு நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். சிவில் பொறியாளருக்கு அப்படி நாடு தழுவிய சட்டபூர்வ அமைப்பு ஏதுமில்லை. 2019 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், தர ஆய்வாளர் என ஒவ்வொருவரின் கடமையையும் பிரித்து எழுதின. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இந்தப் பதிவு உள்ளாட்சி, திட்ட அலுவலகங்களின் கையில் இருக்கிறது. சக பொறியாளர்கள் உட்கார்ந்து ஒரு தவறை விசாரிக்கும் மன்றமாக அது இல்லை. தமிழ்நாட்டின் சிவில் பொறியாளர் சங்கங்கள் ‘பொறியாளர் கவுன்சில் வேண்டும்’ என்று நெடுங்காலமாகக் கேட்டு வருவது இதனால்தான்.

இந்தக் கோரிக்கையின் அவசரம் புரிய, 2014 ஜூன் 28-ஐ நினைத்தால் போதும். அன்று மாலை சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு சரிந்து 61 பேர் இறந்தார்கள். அரசு நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பக்கத்தில் நின்ற மற்றொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

குஜராத் இதைவிடப் பெரிய விலை கொடுத்துப் பாடம் கற்றது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்தன. 2006-ல் அந்த மாநிலம் தொழில்முறை சிவில் பொறியாளர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஒரு மாநிலமே இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

சேலத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2002-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 தரக்குறியீடு சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மதுரையும் திருச்சியும் இரண்டாம் மண்டலத்தில். ஐ.எஸ். 13920-ன் 2016 பதிப்பு, மூன்றாம் மண்டலம் முதல் மேலே உள்ள எல்லா கான்கிரீட் கட்டடங்களுக்கும் பொருந்தும். அதன்படி பில்லரில் கட்டும் ரிங் கம்பியின் முனை 135 பாகை மடங்கி உள்ளே புதைய வேண்டும். வெறும் 90 பாகையில் மடக்கினால், குலுங்கும்போது மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்து ரிங் திறந்துகொள்ளும், நெட்டுக் கம்பிகள் பிதுங்கும், பில்லர் நொறுங்கும். கம்பி கட்டுபவருக்கு ஒரு மடக்கில் சில நொடிதான் கூடுதல் வேலை. அதைச் சொல்லவும், பில்லருக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் நின்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். மேஸ்திரியிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

2024 ஜூலை முதல் இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால், சுயசான்று அடிப்படையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலுவலகப் படியேறி அலைந்த மக்களுக்கு இது உண்மையான விடுதலை. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அனுமதிக்கு முன்பு அதிகாரி வந்து பார்ப்பது இல்லாதபோது, வீட்டுக்காரரின் பாதுகாப்பு முழுக்க வடிவமைத்தவரின் அக்கறையில்தான் தங்கியிருக்கிறது.

எனவே கவுன்சில் கேட்கும் சங்கங்கள், சேர்த்தே கேட்க வேண்டியவை சில உண்டு. பட்டதாரியும் டிப்ளமோ படித்தவரும் எத்தனை மாடி வரை வடிவமைக்கலாம் என்ற தெளிவான வரம்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தரக்குறியீடுகளில் பயிற்சி பெற்றால்தான் பதிவு புதுப்பிக்கப்படும் என்ற நிபந்தனை. வீட்டுக்காரர் தமிழிலேயே புகார் தரக்கூடிய விசாரணைக் குழு. தங்கள் மீதே பொறுப்பைச் சுமத்தும் சட்டத்தைத் தாங்களே கேட்டு வாங்கினால், அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் ராசிபுரத்து நெசவாளரும் வந்து நிற்பார்.

(அடுத்த வாரம்: நாமக்கல் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகளும் தீ பாதுகாப்பு விதிகளும்)