கடனட்டையின் எல்லை கடந்தால்...

 

பாலங்கள் வருவதற்கு முன்னர் வெருகல் ஆற்றைப் பாதையில் கடந்த நாட்கள் நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாதை நிறைந்துவிட்டால் அடுத்த வாகனத்தை ஏற்றமாட்டார்கள். கரையில் காத்திருக்க வேண்டியதுதான். கடனட்டையும் அவ்வாறே, எல்லை வந்ததும் தானாக நின்றுவிடும் என்று நம் வாலிபர்கள் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதிதான் சரியானது.

ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரு வாலிபர் என்னைத் தனியே அழைத்து, வங்கி அனுப்பிய கூற்றொன்றைக் காட்டினார். கொழும்பில் தொழில் புரிபவர். "ஹஸ்ரத், இரண்டு மாதமாக இந்த அட்டையில் நான் எதுவுமே வாங்கவில்லை. எல்லையைத் தாண்டிவிட்டதாக எழுதியிருக்கிறார்களே?" என்று கேட்டார். வாப்பாவுக்குத் தெரியாமல் தங்கையின் நகையை அடகு வைக்கவும் அவர் எண்ணியிருந்தார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் விளக்குகிறேன்.

கடனட்டையின் எல்லை என்பது வங்கி நமக்குக் கடனாகத் தர இணங்கிய உச்சத் தொகை. அது நமது பணமன்று. அத்தொகைக்கு மேல் பொருள் வாங்க முனைந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வங்கி அதை மறுக்கலாம். அல்லது அனுமதித்துவிட்டு, எல்லை மீறியதற்கெனத் தனிக் கட்டணம் அறவிடலாம். எது நடக்கும் என்பது நாம் வாசிக்காமல் ஒப்பமிட்ட உடன்படிக்கையிலும் வங்கியின் கட்டண அட்டவணையிலும் இருக்கிறது.

எதுவும் வாங்காமலேயே எல்லை கடப்பது எவ்வாறு? ஓர் உதாரணத்தைக் கவனியுங்கள். ஒருவரின் எல்லை 100,000 ரூபா. அவர் 97,000 ரூபா செலவழித்துவிட்டு, தவணை நாளில் எதுவும் செலுத்தவில்லை. ஆண்டுக்கு 28 வீதம் வட்டி எனக் கொண்டால், 30 நாட்களுக்கு ஏறத்தாழ 2,232 ரூபா சேரும். தாமதக் கட்டணம் 1,500 ரூபா எனக் கொள்வோம். நிலுவை 100,732 ரூபாவாகிறது, எல்லை கடந்துவிட்டது! எல்லை மீறிய கட்டணம் 1,000 ரூபா எனின், மொத்தம் 101,732 ரூபா. அடுத்த மாதம் இம்முழுத்தொகைக்கும் வட்டி ஏறத்தாழ 2,341 ரூபா. அத்துடன் அவ்விரு கட்டணங்களும் மீண்டும். இரண்டே மாதங்களில் கடன் 106,573 ரூபா. ஒரு பிடி அரிசிகூட வாங்காமல் 9,573 ரூபா கூடிவிட்டது.

விளைவு இத்துடன் முடிவதில்லை. மாதாந்தம் செலுத்த வேண்டிய ஆகக்குறைந்த தொகையுடன், எல்லையை மீறிய தொகை முழுவதையும் சேர்த்துக் கேட்பது வங்கிகளின் வழமை. அட்டை இடைநிறுத்தப்படலாம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் தவறிய தவணைகள் பதிவாகும். நாளை வீடு கட்டவோ தொழில் தொடங்கவோ நிதி வசதி கேட்கும்போது அப்பதிவு முன்னே வந்து நிற்கும்.

வட்டிக்கு உச்ச வரம்பொன்றை மத்திய வங்கி விதித்ததுண்டு. 2020 ஆகஸ்டில் கடனட்டைக்கு 18 வீதம் என வரையறுத்தது. 2023 ஆகஸ்டில் 28 வீதம் என்றது. மூன்றாண்டில் இத்தனை மாற்றம்! அட்டை வாங்கிய நாளின் வீதமே என்றும் நிலைக்கும் என எவரும் நம்பியிருக்க வேண்டாம். அமெரிக்காவில் 2010 முதலும், இந்தியாவில் 2022 முதலும், வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி எல்லை மீறிய கட்டணம் அறவிடத் தடையுண்டு. ஆகவே உங்கள் வங்கியிடமும், "என் சம்மதமின்றி எல்லைக்கு மேல் அனுமதிக்க வேண்டாம்" என எழுத்தில் கேளுங்கள்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, கணக்கில் பணமின்றிக் கடனாக வழங்கப்படும் அட்டையின் உடன்படிக்கையில் வட்டி நிபந்தனை இருந்தால், அதை வழங்குவதும் பயன்படுத்துவதும் கூடாது எனத் தீர்மானித்தது. தவணைக்குள் செலுத்திவிடும் எண்ணம் இருந்தாலும் தீர்ப்பு அதுவே. இது எத்துணைத் தூரநோக்குடையது என்பதற்கு மேற்சொன்ன கணக்கே சாட்சி. எண்ணம் நல்லதாயினும், ஒரு மாதச் சம்பளம் தாமதித்தால் போதும். வட்டி வாசலில் வந்துவிடும்.

மூன்று தீனார் கடனுடன் மரணித்தவரின் ஜனாஸாவுக்கு, அக்கடனை அபூ கதாதா (ரழி) அவர்கள் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கவில்லை என்பதை நாம் அறிவோம். கடன் சிறிதென எண்ணலாகாது.

ஏற்கனவே சிக்கியவர்கள் என்ன செய்வது? முதலில் அட்டையின் பாவனையை நிறுத்துங்கள். வங்கிக்கு நேரில் சென்று, கட்டணங்களைக் குறைத்து, நிலுவையைத் தவணைகளாக்கித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். இயலுமாயின் உறவினரிடம் வட்டியில்லா அழகிய கடன் பெற்று ஒரேயடியாக முடித்துவிடுங்கள். நகையை வட்டிக்கு அடகு வைப்பதும், ஓர் அட்டையின் கடனை இன்னோர் அட்டையால் அடைப்பதும் ஒரு வட்டியிலிருந்து இன்னொரு வட்டிக்கு மாறுவதேயாகும். அட்டை இன்றியமையாதெனின், நம் கணக்கிலுள்ள பணத்தை மட்டுமே எடுக்கும் பற்று அட்டை போதும்.

பெற்றோர்களே! பிள்ளை கடனை மறைப்பது பெரும்பாலும் உங்கள் கோபத்துக்கு அஞ்சியே. கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு சூரா அல்பகரா கடன் கொடுத்தவரையே பணிக்கிறது. அவ்வாறாயின், பெற்ற பிள்ளைக்குப் பொறுமையாகச் செவிசாய்ப்பது எத்துணை அவசியம்! அந்த வாலிபர் அன்றிரவே வாப்பாவிடம் சொன்னார். வாப்பா திட்டினார், மறுநாள் மகனுடன் வங்கிக்கும் சென்றார். தங்கையின் நகை பெட்டியிலேயே இருக்கிறது.

கடனின் சுமையை விட்டும் வட்டியின் தீங்கை விட்டும் அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.